படையலுக்கு முன் பசியாறியவர்

கீரனூரில் எங்கள் வீட்டு வாசலில் பஸ் நிற்பது வழக்கமில்லை. கார்த்திகை தீபம் முடிந்த சில நாளில், காலை வேளையில், புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஆலங்குடிப் பக்கத்தவர், நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் பெண் எடுத்தவர். படியை விட்டு இறங்காமலே சொன்னார்.

"சின்னம்மா, ஊர்ல இருந்து சொல்லிவிட்டாங்க. பெரியம்மா தவறிட்டாங்களாம். வெள்ளன மூச்சு முட்டுதுன்னு வண்டி கட்டியிருக்காங்க. ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்."

நான் கேட்ட முதல் கேள்வி, "காலையில சாப்பிட்டாங்களா?" என்பது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். சாவுச் செய்தி கேட்டவள் வாயிலிருந்து வருகிற கேள்வியா அது? ஆனால் என் ஓரகத்தி பெரியநாயகி அக்காவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் என் மனம் முதலில் அங்கேதான் போய் நிற்கும். இத்தனை வருஷமாக அப்படிப் பழகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களில் அக்காவை அறியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதத் தெரியும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் எல்லாரும் ஒரே தேசமான அந்த வருஷத்தில்தான் நான் அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாகப் போனேன். ஆலங்குடியிலிருந்து வண்டிப் பாதையில் போக வேண்டிய ஊர். கடலையும் தென்னையும் முந்திரியுமாகப் பெரிய குடித்தனம். ஐப்பசி பிறந்தால் தீபாவளி, பிறகு கார்த்திகை, பிறகு பொங்கல் என்று தை முடிகிற வரைக்கும் வீட்டில் விருந்தாளிகள் ஓயமாட்டார்கள். மாவு இடிப்பது, பாகு காய்ச்சுவது, வீடு மெழுகுவது என்று பெண்களுக்கு முதுகு நிமிராது. நான் போன முதல் தீபாவளியில், மூத்த மருமகளான அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்கள்:

"தங்கச்சி, இந்த வீட்டுல ஒன்னய உக்காருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கால் வலிச்சா நீயா உக்காந்துக்க."

சொன்னதோடு நிற்கவில்லை. எல்லாரும் பம்பரமாகச் சுற்றுகிற நேரத்தில் அக்கா உரலுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சு வாங்கிவிட்டு, பிறகு எழுந்து வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் மாமியாருக்கு அது ஆகாது. "அடுப்பு எரியுது, பெரியவ காத்து வாங்குறா" என்பார்கள். அக்கா சிரித்துக்கொள்வார்கள். அப்போது அது வெறும் சாமர்த்தியம். அது உயிர் விஷயமாக மாறும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்குப் பெண் குழந்தை வள்ளி பிறந்து சில வருஷம் கழித்து உடம்பு மெலிய ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். பின்கட்டில் அவர்கள் நீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தது. அப்போது என் கணவருக்குப் புதுக்கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம். எங்களோடு வந்து தங்கி அக்கா ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சர்க்கரை வியாதி, தினமும் ஊசி போட்டாக வேண்டும் என்றார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"ஊசி போட்டா சாப்பிட்டே ஆகணும்மா. போட்டுட்டுப் பட்டினி இருந்தா வேர்க்கும், நடுங்கும், புத்தி தடுமாறும். அப்ப உடனே இனிப்பு குடுக்கலைன்னா நினைவு தப்பிடும், உயிருக்கே மோசம். உங்க ஊர்ப்பக்கம் பண்டிகைதான் எனக்குப் பயம். விருந்தும் ஆபத்து, விரதமும் ஆபத்து."

கத்தரிக்காயில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகினோம். மருந்துக் குப்பியை ஈர மணல் போட்ட சின்னச் சட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். நீர் சோதிக்கக் கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் தந்தார்கள். ஊருக்குத் திரும்பினால் அதைச் சமையலறையில் காய்ச்ச மாமியார் விடவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்துக் காய்ச்சுவோம். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் அக்கா பக்கம் போகமுடியாது. அக்கா ஒன்றும் முனிவர் இல்லை. யாரும் பார்க்காதபோது ஒரு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். பிறகு குழாயின் நிறத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மேல் எரிந்து விழுவார்கள்.

இனி அந்தப் பொங்கலைச் சொல்ல வேண்டும். வியாதி தெரிந்தபின் வந்த முதல் பொங்கல். பண்டிகைக்கு நாங்களும் ஊருக்குப் போயிருந்தோம்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு மூத்த மருமகள்தான் வாசலில் பானை வைக்க வேண்டும். சூரியனுக்குப் படைத்து முடிகிற வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்குத் தலைவரான அம்பலகாரர் வீட்டுப் பானை பொங்கிச் சங்கு ஊதின பிறகுதான் மற்ற வீடுகளில் அடுப்பைப் பற்றவைக்கலாம். வருஷா வருஷம் சூரியன் கிளம்பும்போது சங்கு ஊதிவிடும். அந்தக் கணக்கை நம்பி விடியற்காலையில் அக்காவுக்கு ஊசி போட்டோம். பானை பொங்கிப் படைத்ததும் அக்கா சாப்பிட்டுவிடலாம் என்பது எங்கள் இருவரின் ஏற்பாடு.

சங்கு ஊதவில்லை. அம்பலகாரர் வீட்டில் அது தலைப்பொங்கல். திருச்சியிலிருந்து வர வேண்டிய புது மாப்பிள்ளையின் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகச் சேதி. மாப்பிள்ளை வராமல் அவர்கள் பானை வைக்க மாட்டார்கள். அவர்கள் வைக்காமல் தெருவில் யாரும் வைக்க மாட்டார்கள். கோலமும் கரும்பும் பற்றாத அடுப்புமாக வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தென்னை மட்டைக்கு ஏறியது.

"அக்கா, உள்ள வந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு வாங்க. யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன் காதோடு.

"செத்த பொறு. இந்தா ஊதிருவாங்க."

"அங்கிட்டு என்ன குசுகுசுன்னு?" என்றார்கள் மாமியார், நிலைப்படியில் நின்றுகொண்டு.

மாமியாரைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாமனார் காலமான வருஷம், படைப்பதற்கு முன்னால் பொங்கல் சோற்றில் காக்கை வாய் வைத்துவிட்டது. அதனால்தான் தாலி போயிற்று என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அவர்களுக்கு இருந்தது அதிகாரம் இல்லை, பயம். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

கடைசியில் சங்கு ஊதியது. அக்கா தீக்குச்சியைக் கிழித்தார்கள். ஒடிந்தது. இன்னொன்று. அதுவும் ஒடிந்தது. தை மாதத்துக் குளிர் காற்றில் அவர்கள் நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை துளிர்த்திருந்தது. குச்சியை நான் வாங்கிப் பற்றவைத்தேன். பானை ஏறியது. பால் சூடேற ஏற அக்கா அதையே வெறித்துப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக் குரலில், "ஆத்தா, நான் இன்னிக்கிப் பள்ளிக்கூடம் போவலையா?" என்று கேட்டார்கள்.

படையலுக்கு உடைத்து வைத்திருந்த தாம்பாளத்து வெல்லத்தில் கை வைத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சாமி வெல்லம்டி அது."

"கைய விடுங்க அத்தை. செத்துருவாங்க."

"நல்ல நாள்ல சொல்ற வார்த்தையா இது?"

கையை உதறினேன். வாழ்க்கையில் பெரியவர் ஒருவர் கையை நான் உதறியது அந்த ஒரு தடவைதான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வெல்லத்தை வாயருகே கொண்டுபோனால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். "படைக்கல, படைக்கல" என்று முனகல். புத்தி போன நேரத்திலும் விரதம் போகவில்லை. தலையை என் மடியில் சாய்த்து, வெல்லத்தைச் செம்புத் தண்ணீரில் கரைத்து, கன்னத்தை இழுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தெருவே எழுந்து நின்று பார்த்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் பானை பொங்கி வழிந்து அடுப்பில் சுரீரென்றது. குலவை போட அன்றைக்கு அந்த வாசலில் யாருக்கும் வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண்ணில் தெளிவு வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்கள்:

"பானை பொங்கிருச்சா?"

"பொங்கிருச்சுக்கா."

"எந்தப் பக்கம்?"

நான் பானையையா பார்த்துக்கொண்டிருந்தேன்? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

மாமியார் சொன்னார்கள்: "பெரியவளே, நீ எந்திரிச்சு உள்ள போ. எச்சில் வாயோட நிக்காத. சின்னவ எறக்கட்டும்."

அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார்கள். உள்ளே போகவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துப் பானையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார்கள்.

"அத்தை, பானை வச்சது நான். நானே படைக்கிறேன். என் உசுரை எடுத்துத்தான் பசியாறணும்னா அது நம்ம வீட்டுச் சாமியா இருக்காது. நம்ம சாமி நல்ல சாமி."

அக்கா படைத்தார்கள். மாமியார் கும்பிடாமல் உள்ளே போய்விட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் பேச்சு பேச்சோடு போயிருக்கும். மறுநாள் மாட்டுப் பொங்கல். ஆண்கள் எல்லாரும் மஞ்சுவிரட்டுப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்கள். எங்கள் மயிலைக் காளை கொட்டகையில் விழுந்து கிடந்தது. இடது வயிறு மத்தளமாக உப்பியிருந்தது, வாயில் நுரை. சேதி பரவித் தெருப் பெண்கள் வந்து கூடினார்கள். எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் தூணில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திராது. அந்தக் காளை செத்தால் அக்கா அந்த வீட்டில் இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

அக்கா தொட்டியைப் பார்த்தார்கள். அடியில் பொங்கல் சோறு ஒட்டிக் கிடந்தது.

"இதுக்கு எத்தனை வீட்டுப் பொங்கல் குடுத்தீங்க?"

பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டன. தெருவில் பாதி வீட்டுப் பொங்கல் அதன் வயிற்றுக்குள் இருந்தது.

"தங்கச்சி, நல்லெண்ணெய் எடுத்துட்டு வா. மூங்கில் குழாயும் வேணும்."

எண்ணெயை ஊற்றி, வாலைப் பிடித்துத் தூக்கி, எப்படியோ காளையை எழுப்பிவிட்டோம். அக்கா மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்கள். "படுக்க விட்டா போச்சு. நடத்திக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி, கண்மாய்க் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் முந்தானை முடிச்சில் வெல்லத்தை முடிந்துகொண்டு பின்னால் போனேன். எனக்குக் காளையைவிட அக்காவைப் பற்றித்தான் கவலை. கரையில் போவதும் திரும்புவதுமாக வெயிலில் நடந்தார்கள். கரைக்குக் கீழே ஊர்ப் பெண்கள் நின்று பார்த்தார்கள். காளை ஒவ்வொரு தடவை முழங்காலை மடக்கும்போதும் நான் ஓடிப்போய் வாலைப் பிடித்துத் தூக்கினேன்.

"மாட்டுக்கும் எனக்கும் ஒரே வைத்தியம்தான் தங்கச்சி. பண்டிகைச் சோறு ரெண்டு பேருக்கும் ஆகல" என்றார்கள் அக்கா, மூச்சு வாங்க. அந்த நேரத்திலும் கேலி. ஆனால் கயிற்றைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது.

உச்சிப் பொழுதுக்குக் காளை பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. பிறகு சாணி போட்டது. சாணியைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். மாமியார் கரை ஏறி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்கள். அக்கா முகத்தைப் பார்க்காமல், "வெயில் ஏறுது. வீட்டுக்கு வாங்க" என்றார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து அக்கா யாருக்கும் மறைக்கவில்லை. பொங்கலன்று ஊசி போட்டு, கூடத்தில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார்கள். மாமியார் தடுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "எங்க வீட்டுல மருமக பசியாறின பெறகுதான் சூரியனுக்குச் சோறு" என்று வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் குறை சொல்வார்கள். அக்காவும் கேட்டுக்கொண்டே பரிமாறுவார்கள்.

விருந்தாளிகள்தான் பெரிய சோதனை. "நல்ல நாளும் அதுவுமா ஒண்ணே ஒண்ணு" என்று இலையில் வைத்துவிடுவார்கள். "ஒண்ணே ஒண்ணுன்னு இந்தத் தெருவுல அம்புட்டு வீட்டுலயும் சொல்றாங்க. நான் யாரு மனச நோகடிக்கிறது?" என்று சிரித்தபடி எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். தீபாவளி மத்தியானம் எல்லாரும் உண்டு மயங்கிக் கிடக்கும்போது கண்மாய்க் கரையில் நடக்கப் போவார்கள். முதலில் ஊர் சிரித்தது. மூட்டுவலிக்காரி ஒருத்தி சேர்ந்தாள், பிள்ளை பெற்றபின் உடம்பு பெருத்த ஒருத்தி சேர்ந்தாள். கடைசி வருஷங்களில் புதுப் புடவைச் சரசரப்போடு ஒரு கூட்டமே கரையில் நடந்தது. நான் இடையில் உட்காராமல் வேலை செய்தால் அக்காவுக்குப் பொறுக்காது. "வேலை எங்கிட்டும் போயிறாது. நாமதான் போயிருவோம். உக்காரு" என்பார்கள்.

எங்களுக்குக் கீரனூருக்கு மாற்றலான பிறகும் எந்தப் பண்டிகைக்கும் நான் முதல் நாளே போய்விடுவேன். விருந்துக்குப் போகிறேன் என்று நினைப்பார்கள். நான் போனது காவலுக்கு.

அக்கா கண்ணீர் விட்டு நான் அப்புறம் பார்த்தது சென்ற வருஷம்தான். பின்கட்டில் மறுபடியும் எறும்பு மொய்த்தது. இந்தத் தடவை வள்ளிக்கு. வயசுக்கு வந்த பெண். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குழாயில் செங்கல் நிறத்தைப் பார்த்துவிட்டு அக்கா கல்லின் மேல் உட்கார்ந்தார்கள். "என் ஒடம்புல இருந்து குடுக்கிறதுக்கு வேற நல்லது ஒண்ணுமே கெடைக்கலையா தங்கச்சி?" என்று கேட்டார்கள். குழாயை அவர்கள் கையிலிருந்து வாங்கிக் கழுவி வைத்தேன்.

அன்று கீரனூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து ஆலங்குடி, பிறகு மாட்டுவண்டி. நான் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அக்காவை வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். மதுரைப் பக்கமிருந்து அக்காவின் தம்பி வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். பிணம் எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவர்கள் தோளுக்கு மேலே வள்ளியைப் பார்த்தேன். அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் வேர்வை.

பிறகுதான் தெரிந்தது. விடியற்காலையில், மூச்சு முட்டத் தொடங்குகிற நேரத்தில்கூட, "வள்ளி, ஊசியப் போட்டுக்க" என்று சொல்லியிருக்கிறார்கள் அக்கா. பிள்ளை போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குள் வண்டி கட்டிவிட்டார்கள். அதன்பின் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கட்டியிருந்த கைகளைப் பிரித்துக்கொண்டு நான் எழப் பார்த்தேன். எனக்கு முன்னால் இன்னொருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்கள். என் மாமியார். அடுத்த வீட்டில் வாங்கிய கஞ்சிச் செம்பு கையில் ததும்பியது. பங்காளிப் பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"என்ன ஆத்தா இது? பொணம் கெடக்கையில."

"கெடக்கிறது என் வீட்டுப் பொணம்" என்றார்கள் மாமியார்.

வள்ளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அக்காவின் தலைமாட்டில், முகத்துக்கு நேரே உட்காரவைத்தார்கள். பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டியது. பல்லைக் கடித்தது. மாமியார் அதன் முகவாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

"குடி. ஒங்காத்தா பாத்துட்டுப் போகட்டும்."

பெரியநாயகி அக்கா, ஊரே நின்று பார்க்க, உங்கள் முகத்துக்கு முன்னால் வள்ளி அந்தக் கஞ்சியைக் குடித்தாள். ஒரு வாய் குடித்தாள், வாய்விட்டு அழுதாள், மறு வாய் குடித்தாள். அவள் வேர்வை அடங்குகிற வரைக்கும் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் உங்களைத் தூக்கவிட்டோம். போய் வாருங்கள் அக்கா.